ஒரே டப்பா, நாலு உடம்பு

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு வயது 46. கொருக்குப்பேட்டையில் இருக்கிறேன். எம்.சி. ரோடு கடைகளுக்கு வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். சர்க்கரை வந்து 9 வருடம் ஆகிறது. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று என்று மெட்பார்மின் 1000 போடுகிறேன். ஒரு வருடமாக ஒரே அசதி. உள்ளங்கால் எரிகிறது, சில நேரம் பஞ்சின் மேல் நடப்பதுபோல் இருக்கிறது. மெஷின் மிதிக்கும்போது கால் பெடலில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரிகிறது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு வேண்டுதலுக்காகக் கவிச்சியை நிறுத்திவிட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் திருவொற்றியூர் போய் வருகிறேன். என் மகன் வியாசர்பாடியில் ஜிம்முக்குப் போகிறான். மெட்டபாலிசத்தை ஏற்றும் என்று போட்ட ஒரு மல்டி விட்டமின் டப்பா வாங்கி வந்தான். இப்போது வீடே அதைத்தான் சாப்பிடுகிறது. நான், மகன், துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் என் கணவர் (சிகரெட் பழக்கம் உண்டு), இதய வால்வு மாற்றி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடும் என் மாமியார், நாலு பேரும். எதிர்வீட்டு அக்காவும் இதே டப்பா வாங்கினார். பத்து நாளில் ஆள் தெளிந்துவிட்டார். நான் இரண்டு மாதமாகப் போடுகிறேன், ஒரு மாற்றமும் இல்லை. ஒரே மாத்திரை அவருக்குக் கேட்கிறது, எனக்கு ஏன் கேட்கவில்லை? இரண்டு இரண்டாகப் போடலாமா? இல்லை, சத்து ஊசி போட்டுக்கொள்ளட்டுமா?

பதில்: அன்புச் சகோதரிக்கு, இரண்டு இரண்டாக வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

அசதி, எரிச்சல் எல்லாம் நான் தினமும் கேட்பவைதான். பழைய வண்ணாரப்பேட்டையில் என் கிளினிக் பெஞ்சில் சாயங்காலம் உட்காருபவர்களில் பாதிப் பேர் "உடம்பே முடியல டாக்டர்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஆனால் பெடலில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியில் நான் நின்றுவிட்டேன். அதைத் திரும்ப இரண்டு முறை படித்தேன்.

கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கால் எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும். காலிலிருந்து கிளம்பும் சேதி முதுகுத்தண்டின் பின்பக்க நரம்புகள் வழியாக மூளைக்குப் போய்க்கொண்டே இருப்பதால் வரும் அறிவு அது. மின்சார வயருக்கு மேல் ரப்பர் உறை இருப்பதுபோல் அந்த நரம்புகளின் மேலும் ஒரு உறை உண்டு. அந்த உறையைப் பழுதில்லாமல் வைத்திருக்க விட்டமின் பி12 வேண்டும். அது வருடக்கணக்கில் குறைந்துகொண்டே போனால் உறை நைந்துபோகும், சேதி பாதியில் தேங்கும். பஞ்சில் நடப்பதுபோல் இருக்கும். இருட்டில் தள்ளாடும். முகம் கழுவக் கண்ணை மூடினால் ஒரு பக்கம் சாயும்.

சர்க்கரையும் இதே வேலையைச் செய்யும், மறுக்கவில்லை. 9 வருடச் சர்க்கரை உள்ளங்காலை எரிய வைப்பது சாதாரணம். வம்பே அங்கேதான். கால் எரிகிறது என்றதும் "சர்க்கரைதான் காரணம்" என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறோம். உங்கள் விஷயத்தில் பி12 குறைவதற்கு மூன்று வாசல் திறந்திருக்கிறது. ஒன்று, மெட்பார்மின். சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் பி12 உள்ளே போகிறது. அந்த இடத்தில் மெட்பார்மின் குறுக்கே நிற்கும். மாத்திரை எவ்வளவு அதிகமோ, வருடம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு குறையும். நீங்கள் நாளுக்கு 2000 மி.கி. என்று 9 வருடம் போட்டிருக்கிறீர்கள். இரண்டு, கவிச்சியை நிறுத்தியது. பி12 மீன், முட்டை, கறி, ஈரல், பால் இவற்றில்தான் இருக்கிறது. முருங்கைக்கீரையில் எத்தனையோ நல்லது உண்டு, பி12 மட்டும் கிடையாது. மூன்றாவதை நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன்: பால் என்பது உங்கள் வீட்டில் டீயில் விழும் அளவுக்குத்தான் இருக்கும். காலையில் ஒன்று, பதினொரு மணிக்கு ஒன்று, தையலுக்கு நடுவில் ஒன்று. அந்தப் பாலை எல்லாம் சேர்த்தாலும் ஒரு டம்ளர் தேறாது.

"மூன்று வருடமாகத்தானே கவிச்சி இல்லை, அதற்குள் வந்துவிடுமா?" என்று கேட்பீர்கள். பி12க்கு ஈரலில் நல்ல இருப்பு உண்டு. வரவு நின்றாலும் சில வருடம் வைத்து ஓட்டும். உங்களுக்கு மெட்பார்மின் முதல் ஆறு வருடம் அந்த இருப்பைக் கரைத்திருக்கும். பிறகு வரவும் நின்றது. காசிமேட்டு மத்தியும் நெத்திலியும் வாரம் இரண்டு நாள் வந்துகொண்டிருந்த வீட்டில் அது வெளியே தெரியாமல் இருந்திருக்கும்.

இதற்காக மெட்பார்மினை நிறுத்திவிடாதீர்கள். நல்ல மருந்து, மலிவான மருந்து. குறைவதை ஈடுகட்டினால் போதும்.

இப்போது அந்த டப்பா. "மெட்டபாலிசத்தை ஏற்றும்" என்று போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். வளர்சிதை மாற்றம் என்று பாடப்புத்தகத்தில் வருவதுதான் இந்த மெட்டபாலிசம். சாப்பிட்டதை எரித்துச் சக்தியாக்குவது, உடைந்ததைக் கட்டுவது, வேண்டாததை வெளியே தள்ளுவது, எல்லாம் சேர்ந்தது. இதில் விட்டமினின் வேலை என்ன என்று உங்கள் மெஷினை வைத்தே சொல்கிறேன். துணியும் நூலும் சாப்பாடு மாதிரி. விட்டமின், மெஷினுக்கு விடும் எண்ணெய். எண்ணெயிலிருந்து ரவிக்கை வராது. விட்டமினிலிருந்து சக்தி வராது, அதில் கலோரியே கிடையாது. ஆனால் எண்ணெய் வறண்டால் மெஷின் இறுகும், சத்தம் போடும், நூல் அறுந்துகொண்டே இருக்கும். அப்போது நாலு சொட்டு விட்டால் மந்திரம் போட்ட மாதிரி ஓடும். சரி, ஏற்கெனவே நன்றாக ஓடும் மெஷினுக்கு அரை பாட்டில் எண்ணெய் ஊற்றினால்? வேகம் கூடாது. கடைக்காரர் கொடுத்த பட்டுத்துணியில் கறை படியும்.

எதிர்வீட்டு அக்காவுக்குக் கேட்டதும் உங்களுக்குக் கேட்காததும் இதனால்தான். அவரை நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு ஊகம் சொல்லலாம். மாதவிலக்கில் அதிகம் படும் பெண்களுக்கு இரும்பு வறண்டு கிடக்கும். அந்த டப்பாவில் கொஞ்சம் இரும்பும் இருக்கும். வறண்ட உடம்பில் இரும்பு விழுந்தால் ஒரு வாரம், பத்து நாளிலேயே எலும்பு மஜ்ஜை புது ரத்த அணுக்களை அனுப்ப ஆரம்பிக்கும். ஆள் தெளிவார். அல்லது மாத்திரைக்காகக் காலைப் பட்டினியை விட்டுவிட்டு இரண்டு இட்லி சாப்பிட ஆரம்பித்திருப்பார், அதில் தெளிந்திருப்பார். காசு கொடுத்து வாங்கிய மாத்திரை என்ற நம்பிக்கையும் பத்து நாள் ஓடும், அதையும் நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு வறண்டது வேறு. "டப்பாவில் பி12ம் இருக்கிறதே" என்பீர்கள். பின்பக்கம் திருப்பி அளவைப் பாருங்கள். தினசரி மல்டி விட்டமின்களில் பெரும்பாலும் ஒன்று, இரண்டு மைக்ரோகிராம்தான் இருக்கும். ஆரோக்கியமான ஆளுக்கு அது சரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் 2020இல் வெளியிட்ட கணக்கில் பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவையே 2.2 மைக்ரோகிராம்தான். ஆனால் உங்கள் குடலில் வாசல் பாதி சாத்தியிருக்கிறது. அந்த வாசல் வழியாகப் போகிற ஒன்று இரண்டு மைக்ரோகிராமிலும் ஒரு பங்குதான் உள்ளே சேரும். பி12க்கு ஒரு சந்தும் உண்டு. வாசலே தேவையில்லாமல், கொடுத்ததில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு தானாகக் கசிந்து உள்ளே போய்விடும். ஒரு மைக்ரோகிராமில் நூற்றில் ஒரு பங்கு என்றால் அது கணக்கிலேயே வராது. 1000 மைக்ரோகிராமில் நூற்றில் ஒரு பங்கு 10 மைக்ரோகிராம், அது நாலு நாள் தேவைக்கு மேல். பி12 மாத்திரையை மட்டும் 1000, 1500 என்று அவ்வளவு பெரிய அளவில் செய்வது இதனால்தான். டப்பா மாத்திரையை நீங்கள் இரண்டு போட்டாலும் மூன்று போட்டாலும் அந்த அளவுக்கு வராது; அதற்குள் மற்ற விட்டமின்கள் வரம்பு மீறிவிடும்.

இன்னொரு காரணத்துக்காகவும் பயப்படுகிறேன். டப்பாவில் போலிக் ஆசிட் என்ற இன்னொரு பி விட்டமினும் இருக்கும். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு, அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. எல்லாப்பிரகடா சுப்பாராவ் என்று ஒருவர், பீமவரத்தில் பிறந்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி சொன்னார் என்று கதர்த் துணியில் அறுவை சிகிச்சை உடை தைத்துப் போட்டுக்கொண்டு போனதில் வெள்ளைக்கார பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் கிடைக்காமல் வெளியே வந்தார். பிறகு அமெரிக்கா போனார். 1945இல் அவர் தலைமையில்தான் போலிக் ஆசிட்டைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். ரத்தசோகைக்குப் பெரிய வரம். ஆனால் பி12 குறைவால் ரத்தசோகை வந்தவர்களுக்கும் அதையே கொடுத்துப் பார்த்தபோது ஒரு விபரீதம் நடந்தது. ரத்தம் ஏறியது, முகம் தெளிந்தது, நரம்பு மட்டும் மோசமாகிக்கொண்டே போனது. பி12 என்ற சரக்கையே 1948இல்தான் பிரித்தெடுத்தார்கள். அதுவரை இந்த இரண்டும் தனித்தனி என்று தெளிவாகத் தெரியாது. இன்று தெரியும். பி12 என்ன நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் போலிக் ஆசிட்டை மாதக்கணக்கில் போட்டால் ஹீமோகுளோபின் நன்றாக இருக்கிறதே என்று ஏமாந்து, காலைக் கோட்டைவிடுவோம்.

அதனால் முதலில் அளவெடுப்போம். கடைக்காரர் "ஒரு சைஸில் நாலு பேருக்குத் தைத்துக் கொடு" என்றால் நீங்கள் விடுவீர்களா?

உங்களுக்குச் சர்க்கரை பார்க்கும் டாக்டரிடமே போங்கள். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிறவராக இருந்தால் அங்கேயே சர்க்கரை ஓபியில் சொல்லுங்கள். பெடல் விஷயத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள், அசதியைப் பிறகு சொல்லலாம். அவர் இசைக்கவை ஒன்றைத் தட்டி உங்கள் கால் கட்டைவிரல் எலும்பில் வைப்பார். 'ஙொய்' என்று அதிர்வது தெரிகிறதா என்று கேட்பார். தெரியாவிட்டால் கணுக்காலில், அப்புறம் முழங்காலில். ஒரு காசு செலவில்லாத பரிசோதனை, அதில் பாதி விஷயம் தெரிந்துவிடும். பிறகு ரத்த அணுக்கள் எண்ணிக்கை, அதில் சிவப்பணுவின் அளவு, பி12, தைராய்டு, சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், இரும்பு இருப்பைக் காட்டும் பெரிட்டின், மூன்று மாதச் சராசரி சர்க்கரை. பி12 அறிக்கையில் மில்லி லிட்டருக்கு 200 பீகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு என்று வைத்துக்கொள்ளலாம். 200க்கும் 300க்கும் நடுவே இருந்தால், லேப் சீட்டில் 'நார்மல்' என்று அச்சாகியிருந்தாலும், உங்களைப்போல் அறிகுறி உள்ளவர்களை நான் விடமாட்டேன். ஒரு குறிப்பு: பி12 குறைந்த ரத்தசோகையில் அந்த மூன்று மாதச் சராசரி உள்ளதைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும். அதை மட்டும் பார்த்துச் சர்க்கரை மாத்திரையை ஏற்றிவிடக் கூடாது.

ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே டப்பாவை நிறுத்திவிடுங்கள். இது முக்கியம். இந்த மாதிரி டப்பாக்களில் முடிக்கு நல்லது என்று பயோட்டின் என்ற விட்டமினைச் சேர்ப்பார்கள். உடம்புக்கு வேண்டியது நாளைக்கு 40 மைக்ரோகிராம். முடி மாத்திரைகளில் 5,000, 10,000 என்று இருக்கும். பல லேப் மெஷின்கள் பயோட்டினையே ஒட்டும் பசையாக வைத்துத்தான் ஹார்மோன்களை அளக்கின்றன. ரத்தத்தில் அது மிதந்தால் மெஷின் குழம்பிவிடும். ஒன்றுமில்லாத ஆளுக்குத் தைராய்டு அதிகம் என்று காட்டும். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ட்ரோபோனின் பரிசோதனையில் உள்ளதைக் குறைத்துக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. இங்கே எம்.சி. ரோட்டில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, தைராய்டு ஏறிவிட்டது என்று அழுதுகொண்டே சீட்டோடு வந்தாள். கை நடுக்கம் இல்லை, படபடப்பு இல்லை, எடை குறையவில்லை. "முடிக்கு ஏதாவது போடுறியாம்மா?" என்றேன். கைப்பையிலிருந்து ஜெல்லி மிட்டாய் மாதிரி ஒரு டப்பாவை எடுத்தாள். நிறுத்திவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தைராய்டு சரியாக இருந்தது.

ஊசி பற்றிக் கேட்டீர்கள். பி12 உண்மையிலேயே குறைந்து, நரம்பும் தொட்டிருந்தால், ஆரம்பத்தில் ஊசியே நல்லது. குடலின் தயவு வேண்டியதில்லை. எத்தனை, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதை உங்கள் டாக்டர் சொல்வார். பிறகு பெரிய அளவு மாத்திரை தொடரும், மெட்பார்மின் இருக்கும்வரை வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொள்ள வேண்டும். மற்றபடி, அசதிக்கு ஒரு "சத்து ஊசி" என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இதைச் சொல்ல எனக்குத் தகுதி குறைவுதான். பிராக்டீஸ் ஆரம்பித்த காலத்தில் நானே எத்தனை பேருக்குப் பி காம்ப்ளெக்ஸ் குத்தியிருப்பேன்! ஊசி போடாத டாக்டரை அப்போது யாரும் டாக்டராகவே மதிக்க மாட்டார்கள். மறுநாள் சிறுநீர் மஞ்சளாகப் போகும். "மருந்து நல்லா வேலை செய்யுது டாக்டர்" என்று வந்து சொல்வார்கள். அந்த மஞ்சள், உடம்பு வேண்டாம் என்று வெளியே தள்ளிய ரைபோபிளேவின், அதாவது பி2 விட்டமின். அவர்கள் காசு அது.

மெடிக்கலில் "நரம்பு மாத்திரை" என்று கேட்டு வாங்குவதையும் கொஞ்சம் நிறுத்திவையுங்கள். அதில் பி6 இருக்கும். நம் பகுதியில் டிபிக்கு மருந்து சாப்பிடுபவர்களுக்கு நாங்களே பி6 கொடுக்கிறோம், ஏனென்றால் ஐசோநியாசிட் என்ற மருந்து பி6ஐக் காலி செய்து கை காலை மரத்துப்போக வைக்கும். அவர்களுக்கு அது காவல். அதே பி6ஐப் பெரிய அளவில் மாதக்கணக்காக, வருடக்கணக்காகப் போட்டால் அதுவே நரம்பைக் கெடுத்துக் கை காலை மரத்துப்போக வைக்கும். மரத்துப்போகிறது என்று மாத்திரை, அந்த மாத்திரையால் இன்னும் மரத்துப்போகிறது, இன்னும் இரண்டு மாத்திரை. இப்படிச் சுற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி, அந்த டப்பாவில் கை வைத்த மற்ற மூவர்.

மாமியாரின் டப்பாவை நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் இன்றே அவருடைய டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள்; சும்மா நிறுத்தாதீர்கள். வால்வு மாற்றியவர்கள் போடும் அந்த மாத்திரை, விட்டமின் கே செய்யும் வேலையைத் தடுத்துத்தான் ரத்தத்தை உறையாமல் வைத்திருக்கிறது. டப்பாவில் விட்டமின் கே இருந்தால் மாத்திரையின் பலம் குறையும், வால்வில் ரத்தக்கட்டி பிடிக்கலாம். இரண்டு மாதமாகச் சாப்பிடுகிறார் என்றால் இடையில் ரத்த உறைதல் பரிசோதனை பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கவும் கூடும். இப்போது டப்பாவைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தம் அதிகமாக இளகலாம். ஆகவே டப்பாவை எடுத்துக்கொண்டு அவருடைய இதய டாக்டரிடம் போய், காட்டிவிட்டு, ஐ.என்.ஆர். என்ற அந்த ரத்த உறைதல் பரிசோதனையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கீரையையும் பயந்து ஒதுக்க வேண்டாம். ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமாக இல்லை என்று இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

உங்கள் கணவருக்கு. டப்பாவின் பின்புறம் பீட்டா கரோட்டின் என்று இருக்கிறதா பாருங்கள், கேரட்டுக்கு நிறம் கொடுக்கும் சத்து அது. புகைபிடிப்பவர்களுக்கு அது நுரையீரலைக் காக்கும் என்றுதான் ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினோம். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து வருடக்கணக்கில் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது: பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். கேரட் சாப்பிடுவதில் ஒரு தீங்கும் இல்லை. மாத்திரையாக, பெரிய அளவில், புகையோடு சேரும்போதுதான் கெடுதல். சோதனையில் கொடுத்தது நாளைக்கு 20 மி.கி.; உங்கள் டப்பாவில் அவ்வளவு இருக்காது. ஆனாலும் அவருக்கு அது எதற்கு? "சத்து மாத்திரை போடுறேனே, நாலு சிகரெட் பரவாயில்லை" என்று ஒரு சமாதானம் கிடைப்பதுதான் மிச்சம். சிகரெட்டை விடுவதற்கு வேறு உதவிகள் உண்டு, அவரை எழுதச் சொல்லுங்கள்.

மகனைத் திட்ட வேண்டாம், அக்கறையில் வாங்கி வந்திருக்கிறான். ஆனால் கொழுப்பைக் கரைக்கும் சரக்கு ஏதாவது தனியாகப் போடுகிறானா என்று கேளுங்கள். அவற்றில் பெரும்பாலும் காபியில் இருக்கும் காபீன், கிரீன் டீயின் செறிவு, கார்சீனியா என்று எழுதியிருக்கும். கார்சீனியா வேறொன்றுமில்லை, மலையாளிகள் மீன் குழம்பில் போடும் குடம்புளி. குழம்பில் இரண்டு துண்டு போட்டால் ருசி. அதையே பிழிந்து செறிவாக்கித் தினமும் விழுங்கியதில் ஈரல் கெட்டவர்கள் இருக்கிறார்கள். கிரீன் டீ செறிவும் அப்படியே. கண் மஞ்சளானால், சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனால், ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மெட்டபாலிசம் ஏற வேண்டுமென்றால் தசையும் உழைப்பும்தான் ஏற்றும். வயதானால் தானாகக் குறைந்துவிடும் என்பதும் நாம் நினைக்கிற அளவுக்கு உண்மை இல்லை. ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அளந்து 2021இல் வெளியான ஆய்வில், உடல் அளவைக் கழித்துப் பார்த்தால் 20 வயதிலிருந்து 60 வயதுவரை எரிக்கும் வேகம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருந்தது. வியாசர்பாடியில் இருக்கிறான், சாயங்காலம் கால்பந்து ஆட ஆளுக்கா பஞ்சம்!

டப்பாவின் முகப்பில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும், தேடிப் பாருங்கள். இவை உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிற உணவு வகை, மருந்தாகச் சோதித்து அனுமதி வாங்கியவை அல்ல. விற்பவர் வாயால் எதைச் சொன்னாலும், அந்த வரியைப் போட்டே ஆக வேண்டும்.

அப்புறம், விட்டமின் டி. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்தப் பரிசோதனைகளோடு லேப்பில் அதையும் சேர்த்துவிடுவார்கள், குறைவு என்றும் வரும். வெயில் கொளுத்தும் ஊரில் நாள் முழுக்க மெஷினுக்கு முன்னால் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவருக்குக் குறையத்தான் செய்யும். 60,000 யூனிட் மாத்திரை எழுதினால் அது வாரம் ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும். தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு பெரியவரைப் பிள்ளைகள் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாந்தி, மலச்சிக்கல், ஓயாமல் சிறுநீர், பேச்சும் தடுமாற்றம். பக்கவாதமோ என்று பயந்தார்கள். மாத்திரைப் பையைக் கவிழ்த்தால் 60,000 யூனிட் பட்டையில் அத்தனையும் காலி. "நல்ல மாத்திரைதானே, தினம் போட்டா சீக்கிரம் சரியாகும்னு..." என்றார் மனைவி. ரத்தத்தில் கால்சியம் எக்கச்சக்கமாக ஏறி, சிறுநீரகத்தையும் தொட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் பல நாள் இருந்து பிழைத்தார். பி, சி விட்டமின்களில் மிச்சமானது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும்; ஏ, டி, ஈ, கே கொழுப்பில் கரைபவை, உடம்பிலேயே தங்கும். 'நல்லதுதானே' என்பது அங்கே செல்லாது.

கடைசியாக உங்கள் வேண்டுதல். அதை விடச் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அந்த டப்பாவில் இருப்பது வழுவழுப்பான கேப்சூல் என்றால் அதன் உறை பெரும்பாலும் ஜெலட்டின், மாட்டின் அல்லது பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. இரண்டு மாதமாக அறியாமல் விழுங்கியிருக்கலாம். அறியாமல் செய்தது, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இனி வாங்கும்போது அட்டையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் மெடிக்கலில் சாதாரண மாத்திரையாகக் கேளுங்கள். பி12 மாத்திரையிலும் ஊசியிலும் இருக்கும் மருந்து நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்து எடுப்பது, மாவு புளிப்பது மாதிரிதான். மீனும் இல்லை, கறியும் இல்லை. கூடவே டீப்பாலைக் கணக்கில் சேர்க்காமல், தினம் இரண்டு டம்ளர் பால், இல்லையென்றால் ஒரு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும்.

சரியான மருந்து போக ஆரம்பித்தால் அசதி சில வாரங்களில் விலகும். கால் மெதுவாகத்தான் வரும், மாதக்கணக்கு ஆகும். நடுவில் எரிச்சல் சில நாள் கூடுவதும் உண்டு, பயப்பட வேண்டாம். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு திரும்பக் கிடைக்கும். அதனால் இந்த வாரமே போங்கள்.

இன்னும் ஒன்று. திருவொற்றியூர் கோயிலில் செருப்பில்லாமல்தான் சுற்றுவீர்கள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பிரகாரத்துக் கல் எப்படிக் காயும் என்று எனக்கும் தெரியும். மற்றவர்கள் ஓடிப்போய் நிழலில் நிற்பார்கள். உங்கள் காலுக்குச் சுடுவது தெரியாது, வீட்டுக்கு வந்த பிறகு கொப்புளம் தெரியும். சர்க்கரைக் காலில் அந்தக் கொப்புளம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று ஸ்டான்லி அறுவை சிகிச்சை வார்டில் பார்த்திருக்கிறேன். காலை நடை திறந்ததும் போங்கள், இல்லை சாயங்காலம் போங்கள். இன்று ராத்திரி மெஷினை மூடிய பிறகு, முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் ஒரு முறை பாருங்கள். குண்டூசி ஏதாவது குத்திக்கொண்டு இருந்தால்கூட உங்களுக்கு இப்போது தெரியாது.